லேப்டாப் இருக்கட்டும், முதலில் அந்த மருந்து பாட்டிலை எடுங்கள்

டிசைன் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கல்லூரியின் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு எடுத்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறார். அப்பாவுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா ரகம், காய் கூழ் ஆலைக்குப் போகிறது. பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) கம்யூனிகேஷன் டிசைன் படிக்க இடம் கிடைத்து, 50,000 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. வருடத்துக்குக் கட்டணம் 4,20,000, விடுதி 1,60,000. மீதியை ஜூன் 20-க்குள் கட்ட வேண்டும். ஆகஸ்ட்டில் வகுப்பு.

"மேடம், இன்னும் 10 வாரம் இருக்கு. ஓசூர்ல ஒரு சென்டர்ல 45,000 ரூபாய்க்கு ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் சொல்லித் தராங்க, சேரட்டுமா? மேக்புக் இல்லாம வராதேன்னு ஒரு சீனியர் அக்கா சொல்றாங்க. எனக்கு மனுஷ முகம் வரைய வராது. இங்கிலீஷும் தடுமாறும். கிருஷ்ணகிரியில ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கிற மாமா, 'பேனர் அடிக்கிறதுக்கு எதுக்கு 4 வருஷம்? என் கடையில வந்து உக்காரு, 3 மாசத்துல கோரல்டிரா கத்துக்குவ'ன்னு சிரிக்கிறார். அப்பா ஒண்ணும் சொல்லல. தோப்பை அடமானம் வைக்க ஆள் பார்க்கிறார்னு அம்மா சொன்னாங்க." கடைசியில் பின்குறிப்பாக: "என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

உங்கள் கடிதத்தில் கேள்விக்குறி போட்ட வரிகளைவிட, போடாத வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. தோப்பைப் பற்றிய அந்த வரி. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

இது படம் வரையும் படிப்பா?

நீங்களும் உங்கள் மாமாவும் எதிரெதிராகப் பேசினாலும் இருவருக்கும் நினைப்பு ஒன்றுதான்: டிசைன் என்றால் வரைவது, வரைவதற்கு ஒரு சாஃப்ட்வேர். இதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதி கரைந்துவிடும்.

பூ எடுக்கும் நேரத்தில் தத்துப்பூச்சிக்கு அப்பா மருந்து அடிப்பார் அல்லவா? தீர்ந்த பாட்டில் ஒன்று கொட்டகையில் கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு, திறக்காமல் பாருங்கள். லேபிளில் சாய்ந்து நிற்கும் சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கில் ஒரு நிறம். இந்தியச் சட்டப்படி சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் மிதமானது, பச்சை குறைவானது. லேபிளில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தச் சதுரம் இருக்க வேண்டும் என்றுகூட விதி உண்டு. எல்லாம் யோசித்துச் செய்ததுதான்.

இப்போது நான்கு நிறத்தில் நான்கு காகிதத் துண்டுகள் வெட்டி, உங்கள் ஊரில் மருந்து அடிக்கிற 10 பேரிடம் கொடுங்கள். ஆபத்து அதிகத்திலிருந்து குறைவு வரை அடுக்கச் சொல்லுங்கள். சிவப்பை எல்லோரும் சரியாக வைத்துவிடுவார்கள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே கை தயங்குவதைக் கவனியுங்கள். பச்சையைக் கையில் வாங்கியதும் "இது ஒண்ணும் பண்ணாதும்மா" என்று ஒருவராவது சொல்வார் என்று நினைக்கிறேன். பச்சையும் நஞ்சுதான். அவர் படிக்காதவர் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. சிக்னலில் பச்சை என்றால் போகலாம் என்று ஊரே கற்றுக்கொடுத்திருக்கிறது. லேபிள் செய்தவர் ஒன்று சொல்ல, வாங்கியவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார்.

நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் வேலை செய்வதுதான் கம்யூனிகேஷன் டிசைன். யார் படிக்கிறார், எந்த வெளிச்சத்தில், எந்த அவசரத்தில், படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கேட்டு எழுத்து, நிறம், படம், அளவு எல்லாவற்றையும் முடிவு செய்கிற வேலை. பேருந்து நேரப் பலகை, மாத்திரை அட்டை, வங்கிச் செயலி, பாடநூல் பக்கம், மாம்பழக் கூழ் டப்பா எல்லாம் இதில் அடங்கும். கலைக் கல்லூரிகளில் இருக்கும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இதற்கு உறவுதான், ஆனால் இரட்டைப் பிள்ளை இல்லை. அங்கே கேமரா, குறும்படம், விளம்பரம், ஊடகம் பக்கம் கனம் அதிகம்.

முகம் வரைய வராதது குறையே இல்லை. உங்களிடம் எதிர்பார்ப்பது, வரைந்து விளக்குவது. தோப்பில் காய் பறிப்பதிலிருந்து ஆலை வாசலில் எடை போடுவது வரை ஆறு கட்டங்களில், ஒரு சொல்கூட எழுதாமல் வரையுங்கள். மனிதர்கள் குச்சிக் கைகால்களோடு இருக்கட்டும். பெங்களூருவில் இருக்கிற யாராவது ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். புரியாத கட்டத்தை மட்டும் மறுபடி வரையுங்கள். 10 வாரத்தில் இதுபோல் 10 செய்தால் போதும்.

45,000 ரூபாய் வகுப்பும் மேக்புக்கும்

இரண்டும் வேண்டாம். பெரும்பாலான டிசைன் கல்லூரிகளில் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான அடித்தள வருடம். பென்சில், போஸ்டர் கலர், களிமண், அட்டை, கட்டர் என்று கையால்தான் வேலை. கம்ப்யூட்டரைத் தொட மாட்டோமா என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சாஃப்ட்வேர் பழகிவிட்டு வருகிறவர்களில் சிலரை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்கவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆகியிருக்கிறது. எதைக் கொடுத்தாலும் நிழல் போட்டு, பளபளப்பு ஏற்றி, நாலு ஃபான்ட் கலந்து கொண்டுவருவார்கள்.

கை துறுதுறுவென்றால் இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஜிம்ப் மூன்றும் இலவசம். ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசம். லேப்டாப் என்ன தரத்தில் வேண்டும் என்று கல்லூரியே எழுதித் தரும், அதுவரை வாங்காதீர்கள். பொதுவாக 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, நிறத்தைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் திரை உள்ள விண்டோஸ் மெஷின் நான்கு வருடத்துக்குத் தாங்கும். அந்த அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், ஆனால் கடையில் பில் போடுவதற்கு முன் இந்த வரியை ஒருமுறை படியுங்கள்.

மாமா கடைக்குப் போங்கள்

போய்க் கோரல்டிரா கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கவுன்டர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வது, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பத்தடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடைவது, திரையில் மின்னிய பச்சை அச்சில் மங்கிப் போவது, வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் தமிழ் எழுத்து குப்பையாக மாறுவதால் "கர்வ்ஸ் பண்ணிட்டு அனுப்பு" (எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பு) என்று மாமா போனில் கத்துவது, இதெல்லாம் அங்கே ஓசியில் கிடைக்கும் பாடம். நான்காவது வருடத்திலும் இது தெரியாத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெயர் நீளமாக இருந்தால் அந்த வரியைப் பக்கவாட்டில் நசுக்கி இடத்துக்குள் திணிப்பார்கள். ஆங்கில எழுத்து அதைக் கொஞ்சம் தாங்கும். ணகரமும் ஐகாரமும் தாங்காது, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் எழுத்தை நசுக்காமல் வேறு என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். வரியை எங்கே உடைக்கலாம்? எந்தப் பட்டத்தை விடலாம்? (பட்டத்தை விடச் சொல்லி வாடிக்கையாளரிடம் நீங்கள் பேச வேண்டாம், மாமாவின் பிழைப்பு அது.)

தமிழ் எழுத்தில்தான் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. பெங்களூரு வகுப்பறையில் தமிழை இவ்வளவு பார்த்துப் பழகிய கண் பலருக்கு இருக்காது. வீட்டுப் பரணில் 1978-க்கு முன் அச்சான கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் எடுத்து வையுங்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை எல்லாம் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். இந்த வட்டாரத்து நடுகற்களில் தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தைப் பார்க்கலாம். உளி ஏன் அந்த வளைவை அப்படிச் செதுக்கியது என்று பென்சிலால் பின்தொடருங்கள். ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கும் ஒரே பலகையில் இருக்கும் கடையைப் படம் எடுத்து, எந்த எழுத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். இந்த மூன்றையும் ஒட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்றோடு முதல் நாள் வகுப்புக்குப் போங்கள்.

மாமாவுக்கு ஒரு செய்தி: 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் தர்மலிங்கம் தமிழ்நாட்டுக்காரர். மும்பை ஐஐடியில் விஷுவல் கம்யூனிகேஷன் என்ற பெயரில் இதே டிசைனைப் படித்தவர், தமிழ் எழுத்து வடிவங்களில் ஆய்வு செய்தவர். மாமா கடைக் கல்லாவில் இருக்கிற ரூபாய் நோட்டிலும் அந்தக் குறி இருக்கிறது.

இங்கிலீஷ்

தடுமாறும். சமாதானத்துக்காகத் தடுமாறாது என்று சொல்ல மாட்டேன். டிசைன் படிப்பில் செமஸ்டர் முடிவில் ஜூரி என்று ஒன்று உண்டு. செய்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆசிரியர்களும் வெளியாட்களும் சுற்றி நிற்க, நீங்கள் விளக்க வேண்டும். நானும் தமிழ்வழிதான். என் முதல் ஜூரியில் ஒருவர் போஸ்டரைக் காட்டி "ஒய் ப்ளூ?" என்றார். "நல்லா இருக்கும்னு" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் தேடி முடிப்பதற்குள் அடுத்த போஸ்டருக்குப் போய்விட்டார். பல நாள் கழித்துத்தான் உறைத்தது, மாட்டிக்கொண்டது ஆங்கிலத்தால் அல்ல, நீலத்துக்கு என்னிடம் காரணமே இருக்கவில்லை.

தினமும் ஒரு பொருளை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று முதலில் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். பிறகு அதே ஐந்து வரியை உடைந்த ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். இலக்கணம் அப்புறம். காரணம் கையில் இருந்தால் வாக்கியம் நொண்டிக்கொண்டாவது வந்து சேரும்.

இனி தோப்பு

கணக்கைப் போட்டுவிடுவோம். கட்டணமும் விடுதியும் சேர்ந்து வருடத்துக்கு 5,80,000. நான்கு வருடத்துக்கு 23,20,000. இதில் காகிதம், கலர், பிரின்ட் அவுட், லேப்டாப், ஊருக்கு வந்துபோவது எதுவும் சேரவில்லை. 20 லட்சத்தை 10.5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. என் மாணவர்களில் பலர் முதல் வேலையில் இருபது, முப்பதாயிரத்தில்தான் தொடங்கினார்கள். நன்றாக வளர்ந்தவர்கள் உண்டு, ஆனால் நீங்கள் வளரும்வரை தவணை காத்திருக்காது.

அதனால் தனியாரிடம் தோப்பை அடமானம் வைப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அம்மா வழியாக வேண்டாம். முதலில் வங்கிக்குப் போங்கள். 7,50,000 ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருப்பதால், அந்த வரம்புக்குள் சொத்து அடமானம் கேட்கக்கூடாது. அப்பாவோ அம்மாவோ உடன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். இருந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. உங்கள் இடம் எந்த ஒதுக்கீடு என்று சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள்.

"50,000 கட்டிட்டோம், ரசீதுல திருப்பித் தர மாட்டோம்னு போட்டிருக்கு, இனி என்ன பண்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் போட்டுவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை (நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்குப் பின் 30 நாள் வரை 50 சதவீதம். பிறகு ஒன்றுமில்லை. அசல் மதிப்பெண் சான்றையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது. விலகுவதாக முடிவெடுத்தால் போனில் சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, தேதியோடு சேமித்து வையுங்கள். இன்னும் ஒன்று, அது யுஜிசி பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம்தானா, தருவது பட்டமா டிப்ளமோவா என்பதை ஜூன் 20-க்கு முன் உறுதி செய்யுங்கள்.

வேறு வழிகள் இருக்கின்றன, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை

வணிகவியல் படித்தவர்களுக்கு ஐஐடி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். டிசைனுக்கு அப்படி இல்லை. மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளில் பி.டெஸ். சேர்க்கை அதன் வழியாகத்தான். தொடர்ச்சியாக இரண்டு வருடம் எழுத முடியும், வருகிற ஜனவரி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய டிசைன் நிறுவனமான என்ஐடிக்கும் ஆந்திரா முதல் அசாம் வரை உள்ள மற்ற என்ஐடிகளுக்கும் யூசீட் இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து வேறொரு தேர்வு. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது, அங்கே ஃபேஷன் கம்யூனிகேஷன். யூசீட், என்ஐடி விண்ணப்பங்கள் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே தொடங்கிவிடும். 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலைப் பட்டம்) விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் உண்டு. கட்டணத்தைக் கேட்டால் மாமா சிரிப்பை நிறுத்திவிடுவார்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று சொல்கிறீர்கள். அப்படிப் படித்தவர்கள் ஐஐடி போன்ற நிறுவனங்களில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தால் முழுச் செலவையும் ஏற்பதாகத் தமிழக அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி சான்று மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். நம்மூர் பிசி, எம்பிசி சான்றைக் கொண்டுபோய்க் கடைசி நேரத்தில் திண்டாடியவர்கள் நிறைய. இ-சேவையில் இப்போதே போட்டு வையுங்கள்.

ஒரு வருடம் சும்மா இருக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் தை மாதத்துக்குள் வரன் பேச்சு தொடங்கிவிடும், நம் பக்கத்து நிலவரம் எனக்கும் தெரியும். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே தேர்வுக்குத் தயாராகலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அது நோட்டுக்கும் கலருக்கும் ஆகும். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. யூசீட், என்ஐடி இரண்டிலும் இடம் குறைவு, போட்டி கடுமை, கிடைக்காமலும் போகலாம். அப்போது கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இப்போது கிடைத்த தனியார் இடம் அடுத்த வருடமும் கிடைக்க வாய்ப்பு அதிகம், காசு கட்டினால் கிடைக்கிற இடம் காத்திருக்கும்.

என்னைக் கேட்டால்: வித்யாலட்சுமியில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்து, தோப்பைத் தொடாமல் வங்கிக் கடன் எழுத்தில் கிடைத்தால் ஆகஸ்ட்டில் போங்கள். 20-ஆம் தேதிக்குள் அது கைக்கு வராவிட்டால் விலகி, பணத்தைத் திரும்பக் கேட்டு, ஜனவரிக்குத் தயாராகுங்கள். இரண்டில் எது நடந்தாலும் மேலே சொன்ன 10 வாரப் பயிற்சி ஒன்றேதான். யூசீட்டில் வரைந்து காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது, அதற்கும் இது உதவும்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன், இரண்டு இடத்தில்தான் கண்ணாடி போட வேண்டியிருந்தது. நான் எழுதுகிற மளிகைப் பட்டியலை என் கணவர் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்.